ஒரு நாள் முந்தி

ஒன்பது மணிக்கு ஏற்ற ஆரம்பித்த மருந்து மூன்று மணிக்குத்தான் முடியும் என்று சிஸ்டர் ஜெனிபா சொல்லியிருந்தாள். கால் லிட்டர் தண்ணீர் உடம்புக்குள் போக ஆறு மணி நேரமா என்று ஆவுடையப்பனுக்கு முதலில் தோன்றியது. வேகமாக விட்டால் நெஞ்சு நின்றுபோகும் என்று அவள் இன்னொரு சிஸ்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது காதில் விழுந்தபிறகு, ஆறு மணி நேரம் என்ன, எட்டு மணி நேரம்கூட ஆகட்டும் என்று விட்டுவிட்டார். "அப்பா, இந்தக் கைய மட்டும் அனக்காதீங்க. எரியும். தாங்க முடியலன்னா சொல்லுங்க" என்று, அசையாதபடி மடித்த துண்டின்மேல் அவர் வலது கையைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். எரிந்தது. மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரைக்கும் மிளகாய் அரைத்த கையின் காந்தல். அது பரவாயில்லை. எரிந்தால் கை இருக்கிறது என்று அர்த்தம். நெஞ்சில்தான் ஒன்றும் தெரியவில்லை, தெரியாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது. நேற்றும் இப்படித்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் வந்த மாரடைப்புக்கு அன்றைக்கே தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்துவிட்டார்கள், புதன்கிழமை எழுந்து உட்கார வைத்தார்கள், நேற்று வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மோர் கொண்டுவந்த அம்மாளிடம் இதில் உப்புப் போட்டிருக்கா என்று கேட்டார். பதில் வருவதற்குள், கைக்குள் பிடித்த கோழி திமிறுவதுபோல நெஞ்சுக்குள் ஒரு திமிறல். அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது நான்கு முகங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன, நெஞ்சு மயிர் கருகிய வாடை அடித்தது, துடிப்பு தப்பிப் போய்விட்டது, கரண்ட் வைத்துச் சரிபண்ணியிருக்கிறோம் என்றார்கள். இடையில் அவர் எங்கே இருந்தார்? இடையென்றே ஒன்று இல்லை. உப்புக் கேள்வியும் நான்கு முகங்களும் விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்தன. இருட்டுகூட இல்லை. அப்பா வரவில்லை, அம்மா வரவில்லை, காந்திமதியம்மன் வரவில்லை. அந்த விளிம்பு ஒட்டாமல் போயிருந்தால், மோரில் உப்பு இருக்கிறதா என்பதுதான் அறுபத்துமூன்று வருட வாழ்க்கையின் கடைசி யோசனை. மகனைக்கூட நினைத்திருக்கவில்லை. அதைத்தான் அவரால் தாண்டிப் போக முடியவில்லை. மகனைக்கூட நினைக்கவில்லை.

எட்டரைக்கு டாக்டர் நசீமா வந்தபோது சொன்னதை அவர் மறுபடி எடுத்துப் பார்த்தார். சின்ன வயசுதான், முப்பத்தைந்து இருக்கலாம், கட்டில் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுகிறவள். அய்யா, துடிப்பு ஏன் தப்புதுன்னு ரத்தத்துல தேடினோம், பொட்டாசியம் சரியா இருக்கு, மெக்னீசியம் சரியா இருக்கு, பாஸ்பேட்டுதான் ரொம்பக் கம்மி, இரண்டரைக்கு மேல இருக்கணும், உங்களுக்கு ஒண்ணுதான் இருக்கு என்றாள். நெஞ்சுத் தசை சுருங்கி விரிய அது வேணும், அடிபட்ட நெஞ்சுக்கு அதுவும் இல்லைன்னா துடிப்பு கண்டபடி ஓடும். பாஸ்பேட்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் நெஞ்சு என்ன செய்யுமோ என்று அடக்கிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் மண் பரிசோதனை நிலையத்தில் உதவியாளராக இருந்தவருக்கு அதன் பெயர் மணிச்சத்து. துணிப்பையில் வரும் மண்ணைக் காயவைத்து, சலித்து, கரைத்து, வடிகட்டி, மருந்து சேர்த்தால் நீலம் வரும். நல்ல மண் என்றால் மயில் கழுத்து நீலம். சத்து இல்லாத மண் என்றால் சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு, குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் நீலமா இல்லையா என்று சொல்லமுடியும். மணிச்சத்து குறைவு என்று எத்தனை ஆயிரம் அட்டையில் எழுதியிருப்பார். தன் ரத்தத்தை அந்தக் குழாயில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் என்ன நிறம் வரும். இவ்வளவு குறைய என்ன காரணம்னு தெரியணும், சரியாச் சாப்பிடறது இல்லையா, குடிப்பழக்கம் உண்டா, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ரோஸ் மருந்து ஏதாவது எடுத்தீங்களா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். குடி இல்லை என்றார். சாப்பாடு அளவாகத்தான் என்றார். ரோஸ் மருந்து, எப்பவாவது என்றார். எப்பவாவது என்றால், என்று அவள் கேட்டாள். மாசத்துக்கு ஒருதரம் இருக்கும் என்றார். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். பொய் இவ்வளவு சுலபமாக, மூச்சு வாங்காமல், அட்டையில் எழுதுவதற்குத் தோதாக வந்ததை நினைத்து அவரே ஆச்சரியப்பட்டார்.

மாசத்துக்கு ஒருதரம் இல்லை, இரண்டு நாளைக்கு ஒரு பாட்டில். எட்டு மாசமாக. கார்த்திகையில் ஆரம்பித்தது, மகன் சைலத்தைக் குளிப்பாட்டித் தூக்கி நாற்காலியில் வைத்த ஒரு காலையில், நெஞ்சுக்குழியில் கல் வைத்த மாதிரி. கேஸ் என்று நினைத்தார். எல்லோருக்கும் கேஸ்தானே. மருந்துக்கடைக்காரன் ஒரு ரோஸ் பாட்டிலை எடுத்துக்கொடுத்தான், இரண்டு மூடி குடித்தார், உட்கார்ந்தார், போய்விட்டது. மருந்தால் போனதா உட்கார்ந்ததால் போனதா என்று அன்றைக்கே ஒரு சந்தேகம் வந்தது, அதை அன்றைக்கே மூடி வைத்தார். கேஸ் என்றால் பாட்டில் போதும். நெஞ்சு என்றால் ஆஸ்பத்திரி, ஓடவிட்டுச் சோதனை, படுக்கை, பத்து நாள், ஒரு மாசம், அவனை யார் தூக்குவது. ஆகவே அது கேஸ். நடந்தால் வந்தது, கேஸ். மாடிப்படியில் வந்தது, கேஸ். சாப்பிட்டபிறகு வந்தபோது சாப்பாட்டைக் குறைத்தார். ஒரே கடையில் வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள் என்று முருகன்குறிச்சியில் ஒரு கடை, மார்க்கெட்டில் ஒரு கடை, பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை என்று மாறிமாறி வாங்கினார். காலி பாட்டில்களைப் பையில் போட்டு நடைபோகும்போது குப்பைத் தொட்டியில் போட்டார். அந்த மருந்தில் அலுமினியம் இருக்கிறது. பாட்டிலில் எழுதியே இருக்கிறது, தினமும் படித்துமிருக்கிறார். செம்மண்ணில் இருக்கிற அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், நீங்க போட்ட உரம் மண்ணுலதான் கிடக்கு, பயிருக்குத்தான் கிடைக்காது என்று அவர் வாயாலேயே எத்தனை விவசாயிகளுக்குச் சொல்லியிருக்கிறார். தின்ற கொஞ்சச் சோற்றில் இருந்த சத்தைத் தன் குடலுக்குள்ளே தானே பிடித்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லையா? தெரிய விடவில்லை. வைகாசியில் கை விட்டுப்போனது. குளியலறையில் சைலத்தை ஸ்டூலிலிருந்து தூக்கும்போது இரண்டு புஜமும் திடீரென்று அவருடையவை அல்லாமல் போய்விட்டன, வலி இல்லை, நடுக்கம் இல்லை, சும்மா விட்டுப்போயின. அவன் முகவாய் வாளி விளிம்பில் பட்டு மூன்று தையல். தரை வழுக்கிவிட்டது என்று மனைவி பிரமுவிடம் சொன்னார். தரை ஈரம்கூட இல்லை. அவள் தரையைப் பார்த்தாள், துணியை எடுத்து ஈரமில்லாத தரையைத் துடைத்தாள். ஏன் துடைத்தாள்? இன்றைக்குத்தான் அந்தக் கேள்வி வருகிறது. அவளுக்குத் தெரிந்திருந்ததா? வயசாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டது வயசு இல்லை, அந்த வெளுத்த நீலம்.

சைலத்துக்கு முப்பத்துநாலு வயது. சிவசைலம் என்று பெயர் வைத்தது பிரமநாயகியின் அப்பா. பிறந்தபோது அழவில்லை, ஏழு நிமிடம் கழித்து அழுதான், அந்த ஏழு நிமிடத்தில் போனது போனதுதான். நடக்கமாட்டான், பேசமாட்டான், கழுத்து நிற்கும், கண் எல்லாவற்றையும் பார்க்கும். ஐம்பத்தெட்டு கிலோ. ஆறு வயதில் ஒருநாள் அவன் அம்மா ஊட்டிய சோறு மூச்சுக்குழலில் ஏறி முகம் நீலம் பாரித்துவிட்டது, பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் கவிழ்த்துப் போட்டு முதுகில் அடித்ததில்தான் திரும்பினான். அன்றிலிருந்து ஊட்டும்போது பிரமுவுக்குக் கை நடுங்கும், நடுங்குகிற கை அவனுக்குத் தெரியும், வாயைத் திறக்கமாட்டான். அவர்தான் மூன்று வேளையும். ஆபீஸிலிருந்து மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் வந்து ஊட்டிவிட்டுப் போவார், அதற்காகவே மாறுதலோடு வந்த பதவி உயர்வை இரண்டுதரம் வேண்டாமென்று எழுதிக்கொடுத்தார். நெல்லிக்காய் அளவு உருண்டை, இடது கடைவாயில் வைக்கவேண்டும், நடு நாக்கில் வைத்தால் தள்ளிவிடுவான், வைத்துவிட்டு ஆ என்று சொல்லவேண்டும், தொண்டை ஏறி இறங்கும்வரை அடுத்ததை எடுக்கக்கூடாது. ஒரு வேளைக்கு ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில்தான் அந்த நினைப்பு வரும். முதலில் எப்போது வந்தது என்று அவருக்கு ஞாபகம் இல்லை, வராமல் இருந்த காலமும் ஞாபகம் இல்லை. இவன் எனக்கு ஒரு நாள் முந்திப் போகணும். ஒரு நாள் போதும். காலையில் இவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டு, மறுநாள் நான். கோயிலில் நின்றால் வேறெதுவும் வேண்டத் தோன்றாது, இதைத்தான் வாய் அசையாமல் சொல்வார், சொன்னவுடன் சுற்றும்முற்றும் பார்ப்பார். பெற்ற பிள்ளையின் சாவை வேண்டுகிற அப்பனுக்குச் சாமி என்ன கொடுக்கும்? இதோ கொடுத்துவிட்டது. ஒவ்வொரு துடிப்பும் தப்பும்போது அந்த ஒரு நாள் தள்ளிப்போகிறது. நேற்று பதினொரு மணிக்கு அவர் போயிருந்தால் அவன் பிந்தியிருப்பான், எத்தனை வருடம் பிந்துவான், இருபது வருடமா, முப்பதா, எவர் கையில், எந்தத் தரையில். அப்படிப் பிந்தாமல் இருக்க அவன் இன்றைக்கே... அங்கே அவர் நினைப்பை நிறுத்தினார். நின்ற இடத்திலேயே அது சுற்றியது. இன்றைக்கே என்றால் என்ன. மூன்று நாளாக அவன் சாப்பிட்டிருக்கமாட்டான். அப்படியானால் இன்றைக்கே. இல்லை. அந்தச் சொல்லை அவர் நினைக்கவில்லை, அதுவாகத்தான் வந்தது.

நெஞ்சுக்குள் ஒரு படி தவறியது. இறங்கும் காலுக்குப் படி இல்லாமல் போய், பிறகு கிடைத்தது. மறுபடி இல்லை. மூன்று, நான்கு, ஐந்து, வேகமாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து. தலைமாட்டில் இருந்த பெட்டி கூவியது. அந்தப் பெட்டியின் கோட்டை அவரால் பார்க்கமுடியாது, அது அவர் தலைக்குப் பின்னால் இருந்தது, ஜெனிபாவின் முகத்தைத்தான் பார்க்கமுடியும். அவள் மேசையிலிருந்து தலையைத் தூக்கினாள். பேனாவைக் கீழே வைக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தால்தான் ஆபத்து என்று இந்த இரண்டு நாளில் அவர் கண்டுபிடித்திருந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கூவல் நின்றது, தலையைக் குனிந்து எழுதினாள். நேரம் எழுதுகிறாள். பத்து மணி நாற்பது நிமிடம் என்று எழுதியிருப்பாள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்கலாம், கேட்டு அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் போய்விட்டால்? மகனை நினைத்துக்கொண்டே தண்ணீர் கேட்கவேண்டும் என்று முடிவு செய்தார், அவன் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார், முகவாயில் தையல் தழும்போடு அவன் பார்த்தான், வாயைத் திறந்து சிஸ்டர் என்றார், அதற்குள் முகம் போய்விட்டது. ஒரே நேரத்தில் இரண்டும் முடியவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் போனில் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். நேற்றுப் பகலெல்லாம் முனகிக் கிடந்தவர். அவர் பிழைத்துக்கொண்டார். பிழைக்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல, தோப்பு ஞாபகம் வரும், கோபம் வரும். தனக்குக் கோபம் வரவில்லையே என்று ஆவுடையப்பன் கவனித்தார். புஜத்தை மெல்ல மடக்கிப் பார்த்தார், எரியாத இடது கையை. மடங்கியது. ஆனால் அதில் ஒரு செம்புத் தண்ணீரைக்கூட வைக்கமுடியாது.

பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஒருவரை உள்ளே விடுவார்கள். பிரமு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுத்த பச்சை அங்கியைச் சேலைக்குமேல் முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை. அவன் சாப்பிட்டானா என்று அவர் கேட்டார். அவள் எதையும் மெழுகிச் சொல்லத் தெரியாதவள். செவ்வாய்க்கிழமை ஒன்றும் இல்லை, புதன்கிழமை ஒரு தம்ளர் கஞ்சி, அதிலும் பாதி வெளியே வந்துவிட்டது, நேற்றுத் தண்ணீர் மட்டும், சாயங்காலம் ஐந்தரைக்கு நீங்கள் நடைபோய்விட்டுத் திரும்புகிற நேரத்தில் வாசலையே பார்க்கிறான் என்றாள். இப்போது மேல் வீட்டு அமலி பக்கத்தில் இருக்கிறாள், ஒரு மணிக்கு நான் போனால்தான் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போகமுடியும். கட்டிலில்தானே இருக்கிறான் என்று அவர் கேட்டார். கட்டிலிலிருந்து நழுவிக் கீழே வந்துவிட்டான் புதன்கிழமை, என்னால் தூக்க முடியவில்லை, ரெண்டு மணி நேரம் பாயில் கிடந்தான், சிலிண்டர் போட வந்த ஆளை உள்ளே கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொன்னேன், நல்ல மனுசன், தூக்கிவிட்டு ஒன்றும் கேட்காமல் போனான் என்றாள். அவருக்கு அந்தச் சிலிண்டர்காரனின் கை தெரிந்தது, காக்கிச் சட்டை, வியர்வை, அந்தக் கைக்குள் சைலத்தின் கழுத்து. கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தானா? கேட்கவில்லை. அவள் அங்கியின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள்.

"நேத்து நான் அந்த இல்லத்துக்குப் போயிட்டு வந்தேன்."

எந்த இல்லம் என்று அவர் கேட்கவேண்டியதில்லை. ஊருக்கு வெளியே, சைலத்தைப் போன்றவர்களுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்துவது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் அதைப் பற்றிச் சொன்னபோது, என் பிள்ளையை என் வீட்டைத் தவிர வேறெங்கும் போடமாட்டேன் என்று ஆவுடையப்பன் அவரை வாசலோடு அனுப்பியவர். அதன்பின் அந்தச் சொல் வீட்டில் எழுந்ததில்லை. நேற்று அவருக்குக் கரண்ட் வைத்த செய்தியைக் கேட்டுவிட்டு, இங்கிருந்து பஸ் ஏறி நேராக அங்கே போயிருக்கிறாள்.

"என்னைக் கேக்காமலா?" என்றார்.

"கேட்டா வேண்டாம்பிய. அதான் கேக்கல." அவள் குரல் உயரவில்லை. "டாக்டரம்மாட்ட நேத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். பொழைப்பாகளான்னு கேக்கல. இனிமே இவுகளால அம்பது அறுவது கிலோ தூக்க முடியுமான்னு கேட்டேன். ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாக."

அவர் மேலே ஓடிய குழல்விளக்கைப் பார்த்தார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு படுக்கை காலியாக இருக்கிறதாம், மாசக் கடைசிவரை வைத்திருப்பார்களாம். ஆனால் அங்கே நாற்பது பேருக்கு மூன்று பேர்தான் ஊட்டுகிறார்கள், யார் கையில் கொடுத்தாலும் சாப்பிடவேண்டும், ஒருத்தர் கையில்தான் சாப்பிடுவான் என்றால் எடுக்கமுடியாது என்று அங்கே பொறுப்பில் இருக்கும் கன்னியாஸ்திரித் தாயார் சொன்னார்களாம். எடுத்து இங்கே பட்டினியாகக் கிடந்து போய்ச் சேர்ந்தால் அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம் அம்மா என்றார்களாம். அதைச் சொல்லும்போது பிரமு நாடாவைச் சுற்றுவதை நிறுத்தினாள். பிறகு, நேரம் முடிந்துவிட்டதென்று ஜெனிபா வந்து நின்றபோது, கட்டிலில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"ஒரு நாள் முந்தி, ஒரு நாள் முந்தின்னு நீங்க தூக்கத்துல சொல்லுவிய. நானும் அதத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன், இருவது வருசமா. நமக்கு அது கெடைக்காது போலுக்கு."

போய்விட்டாள். பச்சை அங்கியின் முதுகில் முடிச்சு இல்லாமல் இரண்டு நாடாவும் தொங்கின. அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது, காலையிலிருந்து வராத கோபம், நான் இன்னும் சாகவில்லை, அதற்குள் என் பிள்ளையை எழுதிக் கொடுக்கப் போய்விட்டாள். அந்தக் கோபத்தில் ஒரு தெம்பு இருந்தது, பக்கத்துக் கட்டில்காரரின் தெம்பு. அதைக் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருக்கப் பார்த்தார். நிற்கவில்லை. தூக்கத்தில் சொல்லியிருக்கிறார். வாய் அசையாமல், சுற்றும்முற்றும் பார்த்து, சாமிக்கும் தனக்கும் மட்டும் என்று வைத்திருந்ததை இருபது வருடமாகப் பக்கத்தில் படுத்திருந்தவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டுவிட்டு எழுந்து காலையில் காபி போட்டிருக்கிறாள். ஈரமில்லாத தரையைத் துடைத்தாளே, அதுவும் இதுதான். பாட்டில்களும் தெரிந்திருக்கும். நடைபோகும் பையில் கண்ணாடி இடிபடும் சத்தம் கேட்காமலா இருந்திருக்கும். கேட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் அவனை யார் தூக்குவது, அவளும் அந்த வளையத்திலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், அவரும் அதே பக்கமாகச் சுற்றியதால் இருவரும் முட்டிக்கொள்ளவே இல்லை. எட்டு மாசம். கார்த்திகையிலேயே ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அடைப்பை அப்போதே எடுத்திருப்பார்கள், நெஞ்சில் பாதி செத்திருக்காது, ஒருவேளை இன்னும் பத்து வருடம் தூக்கியிருக்கலாம். அவனுக்காகத்தான் மறைத்தார். மறைத்ததில் போனது அவனுக்குரியதுதான். அந்த வாக்கியம் ஒருதரம் வந்தபின் போக மறுத்தது, முள்வேலியில் வேட்டி மாட்டியதுபோல, எந்தப் பக்கம் இழுத்தாலும் அங்கேயே கிழிந்தது. கை எரிந்தது. இன்னும் மெதுவாக விடச் சொல்லலாம். சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு டாக்டர் நசீமா இன்னொரு நோயாளிக்காக உள்ளே வந்தாள். அவர் இடது கையைத் தூக்கினார். மாசத்துக்கு ஒருதரம் இல்லை என்றார், இரண்டு நாளைக்கு ஒரு பாட்டில் என்றார், எட்டு மாசம் என்றார், அப்போதெல்லாம் வந்தது எரிச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும் என்றும் சொல்லிவிட்டார். அவள் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கட்டில் கம்பியில் கையை வைத்துக்கொண்டாள். சொன்னது நல்லதுய்யா, காரணம் தெரிஞ்சுபோச்சு, அந்த மருந்த நிறுத்தினாலே பாஸ்பேட்டு திரும்ப நிக்கும், ரெண்டு மூணு நாள்ல கைகாலுக்குக் கொஞ்சம் பலம் வரும் என்றாள். நெஞ்சுக்கு, என்று அவர் கேட்டார். நெஞ்சுல செத்துப்போன பாகம் செத்ததுதான் என்று அவள் மறைக்காமல் சொன்னாள், நூத்துக்கு அறுபது வேலை செய்யவேண்டியது உங்களுக்கு இருபத்தெட்டுதான் செய்யுது, பாஸ்பேட்டு ஏறினா துடிப்பு தப்பறது குறையலாம், நிக்கும்னு என்னால வாக்குக் கொடுக்கமுடியாது. நெஞ்சில் கருவி வைப்பதைப் பற்றி ஆறு வாரம் கழித்துப் பேசலாம் என்றாள். ஆறு வாரம் என்று சொல்லும்போது கண்ணைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள். அவர் அந்த விலகலைப் பிடித்துக்கொண்டார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அவருக்குத் தெரியும், இது நீலமா இல்லையா என்று. எத்தனையோ விவசாயிகள் கையைக் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள், மண்ணு தேறுமா சார் என்று, அவரும் அப்போது இப்படித்தான் அட்டையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்.

மூன்று மணிக்கு, மருந்து ஏற்றிய பம்ப் நின்றது. ஜெனிபா ஊசியை எடுக்காமல் மூடிபோட்டு வைத்தாள், இடது கையில் ரத்தம் எடுத்தாள், முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. ஒன்று புள்ளி ஆறு. ஏறியிருக்கிறது, போதாது, சாயங்காலம் இன்னொரு பாட்டில். இடையில் பெட்டி இரண்டுதரம் கூவியிருந்தது, ஒருதரம் அவள் பேனாவைக் கீழே வைத்தாள், எழுந்து பாதி தூரம் வந்தாள், பிறகு நின்றாள். அவர் அந்த ஒன்று புள்ளி ஆறை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு நல்ல செய்தி போலத்தான் இருந்தது, ஆனால் விழுங்க முடியவில்லை. அவன் நான்காவது நாளாகச் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருந்தால் அவனுக்கும் இதே குறையும், எல்லோருக்கும் இரத்தம் ஒன்றுதான், ஒன்று புள்ளி ஆறு, ஒன்று, அதற்குக் கீழே. அப்போது ஒரு நாள் முந்தி என்பது நடந்தேவிடும். அவர் கேட்டது கிடைத்துவிடும், இல்லத்துத் தாயாருக்குப் பாவமில்லை, சிலிண்டர்காரனுக்கு வேலையில்லை. சும்மா இருந்தால் போதும். இத்தனை வருடம் கேட்டது, சும்மா படுத்துக்கிடந்தால் போதும் என்கிற தூரத்தில் வந்து நின்றது. அதன் முகத்தை அவர் முதல்தரம் நேராகப் பார்த்தார். அது பசித்த முகம். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு வேர்த்துக்கொட்டியது. சிஸ்டர் என்று கூப்பிட்டார், உன் போனில் என் வீட்டுக்குப் பேசமுடியுமா அம்மா என்று கேட்டார். இங்கே போன் கூடாது என்று சொன்னவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ரெண்டு நிமிசம்தான் அப்பா என்று எண்ணைக் கேட்டு அழுத்தி அவர் காதில் வைத்தாள். பக்கத்துக் கட்டில்காரர் பேசும்போது மட்டும் கூடும் போலும் என்று நினைத்தார், நினைத்ததும் அது போய்விட்டது, பிரமு ஹலோ என்றாள்.

குழைந்த சோறு இருக்கா என்று கேட்டார். ரசம் விட்டுப் பிசைந்து வைத்திருக்கிறேன், வாயைத் திறக்கவில்லை என்றாள். போனை அவன் காதோரம் வை, நெல்லிக்காய் அளவு, இடது கடைவாய், கை நடுங்கினா நடுங்கட்டும் என்றார். என்னவோ நகரும் சத்தம், தட்டு, அவனுடைய மூச்சு. அந்த மூச்சை நான்கு நாள் கழித்துக் கேட்டார். "சைலம், ஆ" என்றார். மூச்சு நின்றது. அவனுக்குப் போன் தெரியாது, அப்பாவின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் அறையெல்லாம் தேடிக்கொண்டிருப்பான். "ஆ, சைலம்." வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொண்டை இறங்கும் சத்தம், அந்தக் கெட்டியான, வலித்து இறங்கும் சத்தம், உலகத்தில் அவருக்கு மட்டும் தெரிந்தது. முழுங்கிட்டான் என்று பிரமு சொன்னாள், அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. ஆறு வாய் சாப்பிட்டான். ஆறுக்கும் அவர் ஆ சொன்னார். ஜெனிபா கடிகாரத்தைப் பார்த்தாள், பார்க்காததுபோல் போனை அவர் வலது கையில் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

"பிரமு, இனிமே போன் போட்டு என் சத்தத்தக் கேக்க வைக்காத."

"ஏன்?"

"என் சத்தம் இல்லாம, யார் கையில குடுத்தாலும் அவன் திங்கணும். இப்பவே ஆரம்பி. நீ சொல்லு, நான் பேசல."

அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தார், எதிர்த்துப் பேசமாட்டாளா என்று ஏங்கினார். சரி என்றாள். தட்டு நகர்ந்தது. "ஆ" என்றாள் அவள், அவளுடைய உடைந்த, பயந்த குரலில். "சைலம், ஆ." அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். மூச்சுக் கேட்டது. அவன் வாயைத் திறந்தானா என்று இங்கிருந்து எப்படித் தெரியும். போனைக் காதோடு அழுத்தினார். இடது கடைவாய் என்று சொல்ல நாக்கு எழுந்தது, பல்லால் கடித்துக்கொண்டார். நெஞ்சுக்குள் ஒரு படி இல்லாமல் போயிற்று, அடுத்ததும் இல்லை, அதற்கடுத்ததும். தலைமாட்டில் பெட்டி கூவத் தொடங்கியது. ஜெனிபா பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தாள். போனில் ஏதோ ஒரு சத்தம் வந்தது, தொண்டை இறங்கியதா, கரண்டி விழுந்ததா, கூவலுக்குள் பிரித்தறிய முடியவில்லை. ஆவுடையப்பன் எரியாத கையை உயர்த்தி, அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.